அப்பா இன்னும் சாப்பிடவில்லை

நேர்காணல் நன்றாகத்தான் நடந்தது. நடந்து என்ன பயன்? இதற்கு முன்னால் மூன்று இடங்களிலும் நன்றாகத்தான் நடந்தது. மூன்று இடத்திலும் சிரித்த முகத்தோடு வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். "பழைய மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்" என்றார்கள். அதோடு சரி. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை.

ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, "கொஞ்சம் நேர்ல வந்துட்டுப் போங்கம்மா" என்று சொன்னபோது கறையக்கா பயந்துபோனாள். வேலை உண்டு என்றால் போனிலேயே சொல்லியிருப்பார்கள். இல்லை என்றால் சொல்லாமலே இருந்திருப்பார்கள். நேரில் கூப்பிட்டுச் சொல்ல என்ன இருக்கிறது?

கறையக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்லிவிடுவது நல்லது. ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் மேசைத் துணியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில், கறை எடுக்கும் மேசையில் பதினாறு வருஷம் நின்றவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு போய் நின்றாள். இஸ்திரி போடுகிறவர் இஸ்திரி அண்ணன், துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர் மெஷின் மாமா, அந்த வரிசையில் இவள் கறையக்கா. வீட்டில்கூட அண்ணி சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிடுவதுண்டு.

ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கும் மேடத்தின் அறை, சலவைப் பிரிவுக்கு மேலேயே இருந்தது. தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே பெரிய இயந்திரங்கள் ஓடுகின்றன என்று கால் வழியாகவே தெரிந்தது. அந்த அதிர்வு கறையக்காவுக்கு ஆறுதலாக இருந்தது.

"உக்காருங்க. நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆள் இல்ல" என்றார் மேடம். "உங்க மேனேஜர்கிட்ட பேசினேன்."

"திட்டினாரா மேடம்?"

"திட்டினாரா? நல்லாக் கேட்டீங்க போங்க. பாராட்டுன்னா அப்படி ஒரு பாராட்டு. நானாத்தான் போன வைக்க வேண்டியதாப் போச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் வீட்டுக்காரர் என்னைப் பத்தி அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்ல."

கறையக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் என்ன மேடம்?"

"நீங்க வேலையை விடவே இல்லையாமே."

"விட்டுட்டேனே."

"அவர் அப்படிச் சொல்லலியே. 'அது என் பொண்ணு. ஏதோ சின்ன மனஸ்தாபம், கோவிச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கு. அது மேசையில இன்னொருத்தர நான் நிக்க விடல. அது டீ குடிக்கிற கப்பு கூட கொக்கியில அப்படியே தொங்குது. கோபம் தீர்ந்தா வந்துடும். பாவம், உங்களுக்குத்தான் வீண் சிரமம்'னு சொல்லி, கடைசில என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரும்மா. குரல் கம்மிப் போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, அடுத்தவங்க பிள்ளையக் கடத்திட்டு வர்ற மாதிரி."

இப்போது புரிந்தது. மூன்று இடத்திலும் இதே குரல், இதே கம்மல். யார் எடுப்பார்கள், கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையை?

"எழுத்துல ஏதாவது இருக்கா? விலகல் கடிதம், அந்த மாதிரி?"

"அங்க எழுத்துன்னு எதுவும் கிடையாது மேடம். குடும்பத்துக்குள்ள எழுத்து எதுக்குன்னு கேப்பாரு."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இந்த இடத்துக்கு வந்த ரெண்டு பேர் நிக்காமப் போயிட்டாங்க. மூணாவதா வர்றவங்களும் போனாங்கன்னா எம் பேரு கெடும். உங்களுக்கு அடுத்து ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு. நாளைக்கு மதியம் மறுபடி உங்க மேனேஜருக்குப் போன் பண்றேன். அவர் உங்கள நல்லவங்கன்னு சொல்ல வேண்டாம். கெட்டவங்கன்னு சொன்னாலும் எனக்குக் கவலையில்ல. 'அவ இங்க இல்ல, போயிட்டா'ன்னு அவர் வாயால ஒரு வார்த்தை வரட்டும். வேலை உங்களுக்கு."

ஒரே ஒரு வார்த்தை. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கறையக்கா படி இறங்கினாள்.

அந்த மேனேஜரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரை எல்லாரும் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அவரைவிட மூத்தவரான மெஷின் மாமாவும் அப்பா என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வந்த வண்டி ஓட்டுநர் ஒருவர் தெரியாத்தனமாக 'சார்' என்று சொல்லிவிட்டார். "சாரா? நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா நடத்தறேன்?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனவர், அன்றைக்கு வெளியே வரவில்லை. சாப்பாட்டு டப்பாவும் திறக்கப்படவில்லை.

அவர் யாரையும் திட்டியதில்லை. குரல் உயர்த்தியதில்லை. சாப்பிட மாட்டார், அவ்வளவுதான். துணி மாறிப் போனால் சாப்பிட மாட்டார். யாராவது லீவு கேட்டால், "தாராளமா போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு டப்பாவின் மூடியை அழுத்தி மூடுவார். அந்த 'டக்' என்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் எப்படிக் கேட்குமோ, கேட்கும். பிறகு தப்புச் செய்தவர் உள்ளே போய்க் கெஞ்ச வேண்டும். "ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா." "எனக்குப் பசியில்லம்மா." "எங்க மேல கோபமாப்பா?" "பிள்ளைங்க மேல என்னம்மா கோபம்." இப்படியே போகும். அவர் முதல் வாய் எடுத்து வைக்கிற வரைக்கும் வெளியே ஒருவரும் தன் டப்பாவைத் தொடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ஒருவரும் தொட்டதில்லை.

கறையக்கா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய சொந்த அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "அப்பா இல்லையா? அதான் நான் இருக்கேனே பாப்பா" என்றார். அன்று அவள் அழுதாள். அன்றிலிருந்து அவள் மட்டும் பாப்பா. அவள் கெஞ்சினால்தான் அவர் சீக்கிரம் சாப்பிடுவார் என்று கண்டுபிடித்த பிறகு, யார் தப்புச் செய்தாலும் அவளைத்தான் உள்ளே தள்ளினார்கள்.

கடைசியில் வேலையை விட்டது ஒரு கண் பரிசோதனைக்காக. கறை எடுக்கிற மருந்தின் நெடியில் கண் ஓயாமல் நீர் வடிந்தது. அரை நாள் லீவு கேட்டாள். "தாராளமா போம்மா. கண்ணு முக்கியம்ல?" என்றார். டக். கெஞ்சி முடித்து அவர் கை கழுவியபோது கண் மருத்துவர் வீட்டுக்குப் போயிருந்தார். அன்று சாயங்காலம் மருந்து அலமாரிச் சாவியை அவர் மேசையில் வைத்து, "அப்பா, நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்ப்பா" என்றாள்.

அவர் சிரித்தார். "எந்த ஊர்லம்மா பொண்ணு அப்பாகிட்டேர்ந்து நின்னுக்கும்? போ, ரெண்டு நாள் வீட்ல இரு. கோபம் ஆறட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் கறையக்காவுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்து, நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். வேலை பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதன்பிறகு அவர்களிடமிருந்தும் சத்தம் இல்லை. அந்தச் சமயம் அப்பா ஒரு வாரம் மிகவும் சந்தோஷமாக இருந்தார், யாரும் கெஞ்சாமலே சாப்பிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து, "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அண்ணன் ஒரு கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்கு அளவெடுக்கிறவன். நல்லவன். நல்லவன் என்பதுதான் கஷ்டம். நடந்ததைச் சொன்னதும், ஏதோ தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி முகம் மலர்ந்தது.

"அப்படியா சொன்னாரு? பாத்தியா, அவர் மனசு!"

"அண்ணா, அவர் நல்லது சொல்லிச் சொல்லியேதான் எனக்கு வேலை கிடைக்காமப் பண்றாரு."

"இது எந்த ஊரு நியாயம்? பாராட்டினது குத்தமா? எங்க கடை மொதலாளி என்னை ஒரு நாள் பாராட்டட்டும், நான் கடை வாசல்லயே பாயப் போட்டுப் படுத்துக்கறேன்."

"இப்ப மட்டும் எங்க படுத்துக் கிடக்கீங்களாம்?" என்றாள் அண்ணி, துணி மடித்துக்கொண்டே.

"நீ சும்மா இரு. இந்தா பாரும்மா, நேத்துகூட அவர் எனக்குப் போன் பண்ணாரு. என்ன கேட்டாருன்னு நினைக்கிற? நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியான்னு கேட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"நீ என்ன சொன்ன?"

அண்ணன் வேறு பக்கம் பார்த்தான். "இந்த ஆஸ்பத்திரி வேலையும் தட்டிப் போச்சுன்னா, திங்கட்கிழமை காலைல நானே கொண்டாந்து விட்டுடறேன்னு சொன்னேன்."

"அவ என்ன, பார்சலா?" என்றாள் அண்ணி.

"பெரியவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவ்வளவுதான்."

கறையக்கா தன் இடத்துக்குப் போனாள். தன் இடம் என்பது பிள்ளைகள் படிக்கிற மேசைக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் உள்ள கட்டில். அங்கே உட்கார்ந்து இஸ்திரி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு உதவி. நாளைக்கு மதியம் ஆபீஸ் போன் அடிச்சா நீங்க எடுத்து, 'அந்தப் பொண்ணு போயிடுச்சு'ன்னு மட்டும் சொல்லிடுங்க."

"யாரு, நானா? அப்பா குரல்லயா? ஏம்மா, எனக்கு என் குரலே ஒழுங்கா வராது."

"உங்க குரல்லயே சொல்லுங்கண்ணே."

"அப்புறம் யாரு வாங்கிக் கட்டிக்கறது? நீ போனதுலேர்ந்து இங்க நடக்கறது உனக்குத் தெரியுமா? மனுஷன் பாதி நாள்தான் டப்பாவத் திறக்கறாரு. மீதிக்கு நாங்க முறை போட்டுக் கெஞ்சறோம். நான் போய்க் கெஞ்சினா, 'நீ கெஞ்சறது கடன்காரன் கேக்கற மாதிரி இருக்குடா'ங்கறாரு. மெஷின் மாமாவுக்கு முட்டி வலி, கெஞ்சறதுக்குக் கீழ உக்காந்தா எழுந்திருக்க முடியல, ரெண்டு பேர் தூக்க வேண்டியிருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அது கிடக்கட்டும். நீ எப்பம்மா வர்ற?"

வேறு வழி இல்லை என்று ஆகிவிட்டது. நேரில் போய்க் கேட்டுவிட வேண்டியதுதான். மதியம் போன் வருவதற்குள் போய், கையில் காலில் விழுந்தாவது அந்த ஒரு வார்த்தைக்குச் சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்று கறையக்கா முடிவு செய்தாள். அதைவிடப் பெரிய தப்பு வேறு எதுவும் இருக்க முடியாது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவள் போனபோது அப்பா அறையில் இல்லை. ஒரு ஓட்டலில் ஏதோ புகார், போயிருக்கிறார், சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்றார்கள். அதைக்கூட அவளிடம் நிதானமாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. "வந்துட்டா!" என்று மெஷின் மாமா கத்தினார். இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தார். மடிப்பு மேசையிலிருந்த பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கறையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு என் முறைக்கா" என்றாள்.

"நான் வேலைக்கு வரல. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போக வந்தேன்."

"பேசுங்க, பேசுங்க. அதுவரைக்கும் நிப்பானேன்? இத ஒரு பார்வை பாருங்களேன்."

அந்தப் பெண் விரித்துக் காட்டியது ஒரு மேசைத் துணி. நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். யார் யாரோ எதை எதையோ போட்டுத் தேய்த்து, கறையைவிடத் தேய்ப்பு அசிங்கமாக இருந்தது. கறையக்கா பார்க்கத்தான் குனிந்தாள். கை தானாகப் போய்த் துணியின் அடியில் வெள்ளைத் துண்டை வைத்தது. கை தானாகச் சின்னப் புட்டியைத் திறந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, முதுகுப்பக்கம் யாரோ முடிச்சுப் போடுவது தெரிந்தது. மடிப்புக்காரி அவளுக்கு அவளுடைய பழைய ஏப்ரனைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"புடவை பாழாயிடும்ல?" என்றாள் ரொம்ப இயல்பாக.

அவிழ்க்கக் கை பின்னால் போனது. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். அப்பா வந்துவிட்டார்.

அவர் அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சாயங்காலம் வெளியே விளையாடப் போன குழந்தை திரும்பி வந்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, "வெயில்ல வந்தியா பாப்பா? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் போனார்.

அவள் பின்னாலேயே போனாள். அறை மாறவே இல்லை. சுவரில் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை. இங்கிருந்து போனவர்களின் கோப்பைகளும் அங்கேதான் தொங்கின. போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்துவிட்டதால் யாருடையது எது என்று கணக்கு வைப்பது கஷ்டம். அவளுடைய நீலக் கோப்பை அதே இடத்தில் பளபளவென்று இருந்தது.

"அப்பா, ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லும்மா." டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார்.

"இப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு மேடம் போன் பண்ணுவாங்க. நான் இங்கேர்ந்து போயிட்டேன்னு மட்டும் சொல்லிடுங்கப்பா. வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

அவர் சாப்பாட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சொல்லிடறேம்மா. என் பொண்ணு என்னை விட்டுப் போயிடுச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதானே? தாராளமாச் சொல்றேன்."

டக்.

வெளியே இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் மூன்று தலைகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. இஸ்திரி அண்ணன் கையால் வாயருகே சைகை காட்டினார். மடிப்புக்காரி கை கூப்பினாள். அவர்களுடைய டப்பாக்கள் பலகையின்மேல் வரிசையாக, மூடியபடி.

சாப்பிடாத மனுஷனிடம் எதைக் கேட்டு வாங்க முடியும்? முதலில் சாப்பிட வைக்க வேண்டும். சாப்பிட வைக்க வேண்டும் என்றால் பாப்பாவாக இருந்தாக வேண்டும். பாப்பாவாக இருந்தால் போனவளாக எப்படி இருப்பது? வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பதினாறு வருஷம் செய்ததையே செய்தாள். டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தாள். கரண்டியை எடுத்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா."

"பசியில்லம்மா."

"எம் மேல கோபமாப்பா?"

அவர் முகம் மெல்ல இளகியது. "பிள்ளைங்க மேல என்னம்மா—"

போன் அடித்தது.

அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். குடும்பத்துக்குள் ரகசியம் எதற்கு? மேடத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வணக்கம் சார். நேத்து பேசினேனே, ஆஸ்பத்திரியிலேர்ந்து. அந்தம்மா விஷயமா ஒரே ஒரு கேள்வி. அவங்க உங்ககிட்டேர்ந்து போயிட்டாங்களா, இல்லையா?"

"போறதாவது!" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "வந்துடுச்சும்மா. இன்னிக்குக் காலைல தானா வந்துடுச்சு. இதோ, ஏப்ரனக் கட்டிக்கிட்டு எம் பக்கத்துல நின்னு எனக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டிருக்கு. வேணும்னா நீங்களே கேளுங்க. பாப்பா, மேடத்துக்கு வணக்கம் சொல்லு."

கறையக்கா குனிந்து தன்னைப் பார்த்தாள். ஏப்ரன். கையில் கரண்டி. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

போனில் மேடம் பெருமூச்சு விடுவது கேட்டது. "ஓ. அப்படியா. சரி சார், அப்ப நான் அடுத்த ஆளையே—"

"மேடம், வைக்காதீங்க!" என்று கத்தினாள். போனை எடுக்கக் கை நீட்டினாள். அவர் கையை அதன்மேல் வைத்து, அன்பாகத்தான், மூடிக்கொண்டார். "போனைக் குடுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவரைக் கூப்பிட வேண்டும். நாக்கு நுனியில் வந்து நின்ற சொல்லை அவள் பல்லைக் கடித்து நிறுத்தினாள். அந்தச் சொல்லைச் சொல்லித்தானே அன்றைக்கு வேலையை விட்டாள்? அதைச் சொல்லிக்கொண்டே எத்தனை தடவை விட்டாலும் விட்டதாகாது. நாளைக்கு இல்லை, திங்கட்கிழமைக்கும் இல்லை, கண் போன பிறகும் ஆகாது. கண்ணில் நீர் வடிந்தது, மருந்து நெடியால் இருக்கலாம்.

"சார்" என்றாள். "போனைக் குடுங்க சார்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மெஷின் மாமா கையை நீட்டி எதையோ நிறுத்தினார். இயந்திரம் ஒன்று சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"என்ன சொன்ன?"

"சார்னு சொன்னேன் சார்."

"பாப்பா…"

"உங்ககிட்ட பதினாறு வருஷம் வேலை பாத்தேன் சார். கறை எடுத்தேன். இப்ப பாக்கல. அத அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் கையைப் போன்மேலிருந்து எடுத்தார். சுட்டுவிட்டதுபோல எடுத்தார். முகத்தில் இருந்த அப்பா எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நரைத்த மீசையோடு யாரோ ஒரு அலுவலகத்து மனிதர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

"மேடம்" என்றார் அந்த மனிதர், போனைப் பார்த்து. "அந்தப் பொம்பள இங்க வேலை பாத்துச்சு. இப்ப இல்ல. போயிடுச்சு. நன்றி கிடையாது, மரியாதை கிடையாது. வளத்த கையக் கடிக்கற ஜன்மம். உங்களையும் விட்டுட்டுப் போகும். நல்லா ஞாபகம் வச்சுக்கங்க."

"போயிட்டாங்கல்ல?" என்றார் மேடம். "அது போதும் சார், ரொம்ப தேங்க்ஸ். அம்மா, நான் பேசறது கேக்குதா? திங்கட்கிழமை காலைல வந்துடுங்க."

போன் அணைந்தது. கறையக்காவுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அவள் கரண்டியை டப்பாவுக்குள்ளேயே வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள். முடிச்சு லேசில் அவிழவில்லை, இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தது.

அவர் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒருவரும் கெஞ்சவில்லை. பெரிய பெரிய வாயாக, அவசர அவசரமாகச் சாப்பிட்டார். பசித்திருக்கிறது, பாவம். இத்தனை வருஷமும் மதியத்தில் அவருக்குப் பசிக்கத்தான் செய்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நீலக் கோப்பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துளித் தூசி இல்லை. உள்ளே ஈரம் காயவில்லை.

"தினம் காலைல அவரேதான் கழுவி மாட்டுவாரு" என்றார் மெஷின் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்களத் தொட விடமாட்டாரு."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கோப்பை கையில் கனத்தது. உள்ளே போய் மாட்டிவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். இஸ்திரி அண்ணன் அவளைத் தாண்டிக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார், அவர் சாப்பிடுவதைப் பார்த்தார், பிறகு பலகையிலிருந்து தன் டப்பாவை எடுத்துத் தயங்கித் தயங்கித் திறந்தார்.

மடிப்புக்காரி வாசல் வரை கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த ஆஸ்பத்திரியில இன்னும் ஆள் எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டுச் சொல்றேன்."

"எனக்கு அந்த வார்த்தை வாயில வராதுக்கா. நினைச்சாலே நாக்கு ஒட்டிக்குது."

"எனக்கும் வரலடி."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

கறையக்கா பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. பழைய குரல். கம்மிய, இளகிய, அலுத்துப்போன குரல்.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டா."

இரண்டு பேரும் திரும்பினார்கள். கறையக்காவின் வலது கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டிருந்தது. அவர் கூப்பிட்டது அவளை இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மடிப்புக்காரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோ வந்துட்டேன்ப்பா!" என்று மடிப்புக்காரி ஓடினாள்.

கறையக்கா காலை வெளியே எடுத்து வைத்தாள். கோப்பையைப் புடவைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் அணைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். பின்னால் மெஷின் மாமா இயந்திரத்தை மறுபடி ஓட விட்டார். தெருமுனை திரும்பும் வரைக்கும் அதன் அதிர்வு காலடியில் வந்துகொண்டே இருந்தது.